மண்வெட்டிக்கும் அனுமதியா?

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. அன்று ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் நடந்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இணையதளத்தையே செயலிபோல் ஐபோன் முகப்பில் வைத்துக்கொள்ளும் வசதியை ஐரோப்பிய மக்களிடமிருந்து பிடுங்கப்போவதாக அறிவித்திருந்த ஆப்பிள் நிறுவனம், ஐரோப்பிய ஆணையம் கேள்வி கேட்கத் தொடங்கியதும், அன்றைக்கு அந்த முடிவைக் கைவிட்டது. அதே நாளில் இங்கே, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல இந்தியச் செயலிகளைக் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. கமிஷன் கட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. மேட்ரிமோனி நிறுவனமும் மற்றவர்களும் அதற்கு முன்பே சென்னை உயர்நீதிமன்றப் படியேறிப் பார்த்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் தனி நீதிபதியும், 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விவகாரம் என்று அனுப்பிவிட்டன. உச்சநீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. கடைசியில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார். சில நாளில் செயலிகள் திரும்பி வந்தன.

அங்கே காப்பாற்றியது சட்டம். இங்கே காப்பாற்றியது அமைச்சரின் நல்ல மனசு. நல்ல மனசை நம்பி யாரும் தொழில் நடத்த முடியாது.

ஒன்று கருவி பற்றியது, மற்றது காசு பற்றியது என்று இவற்றைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. போனுக்குள் போக ஒரே வாசல் இருந்தால்தான் வாசல்காரர் 15 சதவீதம், 30 சதவீதம் என்று கேட்க முடியும். வேறு வாசல் திறக்கக்கூடிய எதுவும் அவருக்கு ஆகாது. ஒரு முறை எழுதி எல்லாப் போனிலும் ஓடவைக்கும் பொதுக்கருவிகள்மேல் தள முதலாளிகளுக்கு இருக்கும் வெறுப்பின் மூலம் இதுதான். தரம், பாதுகாப்பு என்று அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை ஏற்க நாம் தயாராக இல்லை.

படப்பையிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஷிப்ட் மாறும் நேரத்தில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் நின்றால், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். சுங்குவார்சத்திரத்து பாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. அங்கே வேலை செய்யும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்து வைத்தது. நிலம் நம்முடையது, தண்ணீர் நம்முடையது, ஸ்க்ரூ முடுக்கும் விரல்கள் நம் வீட்டுப் பெண்களுடையவை. ஆனால் அதே போனில் ஓடும் ஒரு சின்னச் செயலியை நம் வீட்டுப் பையன் எழுத நினைத்தால் என்ன ஆகிறது?

தாம்பரத்திலிருந்து மணிமங்கலம் வரைக்கும் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. படித்து முடித்த இரண்டு பேர் ஒரு கடை மாடியில் அறை எடுத்து, பள்ளிக்கூட வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி ஒன்றை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது சாதாரண விண்டோஸ் லேப்டாப். கருவி ஃப்ளட்டர், கூகுள் இலவசமாகக் கொடுப்பது. ஒரே கோடு, இரண்டு வகைப் போனுக்கும் பொருந்தும். ஆண்ட்ராய்டுக்கு ‘பில்டு’ கொடுத்தால் சில நிமிடத்தில் ஏபிகே கோப்பு வந்துவிடும். அதை நண்பனுக்கு அனுப்பினால் அவன் போனில் உடனே ஓடும். பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க 25 டாலர், ஒரே தடவை.

இனி ஐபோன். எழுதிய வரிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றும் மாற வேண்டியதில்லை. ஆனாலும் அந்த லேப்டாப்பில் ஐபோன் செயலியைப் பில்டு செய்ய முடியாது. அதற்கு வேண்டிய எக்ஸ்கோடு மென்பொருள் மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். மேக் இயங்குதளத்தையோ ஆப்பிள் தயாரித்த பெட்டியில் மட்டும்தான் நிறுவலாம் என்று உரிம ஒப்பந்தம் சொல்கிறது. இருப்பதிலேயே சிறிய மேக் மினி 2024-இல் வந்தபோது விலை 59,900 ரூபாய். திரையும் கீபோர்டும் தனி. மேலே ஆண்டுக்கு 99 டாலர் சந்தா. ஒரு வருஷம் கட்டத் தவறினால் செயலி கடையிலிருந்து இறங்கிவிடும். சரி, சொந்தமாக வாங்க வேண்டாம், ஆன்லைனில் ஒரு மேக்கை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், அதற்கும் முட்டுக்கட்டை இருக்கிறது. தொடர்ந்து 24 மணி நேரத்துக்குக் குறைவாக ஒரு மேக்கை வாடகைக்கு விடக்கூடாது என்பது ஆப்பிள் எழுதி வைத்த நிபந்தனை. பத்து நிமிட வேலைக்கு ஒரு நாள் வாடகை.

2011-இலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்திருக்கிறது. லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கணினி அதுதான். அந்தக் கணினிகளில் ஒன்றில்கூட ஐபோனுக்கு ஒரு செயலியைப் பில்டு செய்து கடையில் ஏற்ற முடியாது. தொழில்நுட்பக் குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு செயலியை விண்டோஸில், லினக்ஸில், மேக்கில் என எதில் வேண்டுமானாலும் உருவாக்க முடிகிறது. ஆப்பிளிடம் உள்ள பொறியாளர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல. செய்ய வேண்டாம் என்பது முடிவு.

சந்தைக்கு இடம் கொடுத்தவர், வரும் காய் அழுகலா நல்லதா என்று பார்க்கட்டும். அது அவர் உரிமை. எந்தக் கடையில் வாங்கிய மண்வெட்டியால் கொத்தினாய் என்று விவசாயியைக் கேட்க அவருக்கு என்ன உரிமை?

இந்தக் கேள்வியை ஆப்பிள் ஒரு காலத்தில் வெளிப்படையாகவே கேட்டது. 2010 ஏப்ரல் 8 அன்று புதிய ஐபோன் இயங்குதளத்தோடு வந்த டெவலப்பர் ஒப்பந்தத்தில் 3.3.1 என்ற பிரிவை மாற்றி எழுதினார்கள். செயலி தொடக்கத்திலேயே ஆப்ஜெக்டிவ்-சி, சி, சி++, அல்லது தங்கள் வெப்கிட் எஞ்சினில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் இவற்றில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். நடுவில் மாற்றிக் கொடுக்கும் அடுக்கு எதுவும் கூடாது. ஃப்ளாஷில் எழுதியதை ஐபோன் செயலியாக மாற்றும் வசதியைத் தன் சிஎஸ்5 தொகுப்பின் பெருமையாக அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்த நான்கே நாள் இருந்த நேரம் அது. மோனோடச், டைட்டேனியம், யூனிட்டி என்று வேறு கருவிகளை நம்பிப் பிழைத்தவர்களுக்கும் வயிற்றில் புளி கரைத்தது. போட்ட முதலும் உழைத்த மாதங்களும் ஒரு வரியில் போகுமா, தங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாதம் 29-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஃப்ளாஷ் பற்றி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நேர்மையாகச் சொல்வதென்றால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃப்ளாஷ் பாதுகாப்பில் ஓட்டை, பேட்டரியைத் தின்கிறது என்றார், இரண்டும் உண்மை. பொதுக்கருவியை நம்பினால், போனில் புதிதாக ஒரு வசதி வந்தாலும் கருவிக்காரர் அதைச் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். அதுவும் நடக்கிற காரியம்தான். ஆனால் காத்திருப்பதா வேண்டாமா என்பது செயலி எழுதுகிறவர் கணக்குப் போட்டு எடுக்க வேண்டிய முடிவு. காசு அவருடையது, நேரம் அவருடையது, செயலி சரியில்லை என்று வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கப்போவதும் அவர்தான். அந்த முடிவை அவர் கையிலிருந்து பிடுங்க ஆப்பிளுக்கு இருந்த அவசரத்துக்குக் காரணம் அக்கறை இல்லை. எல்லாப் போனிலும் ஒன்றுபோல் ஓடும் செயலி, ஐபோனை விட்டுப் போகாதே என்று யாரையும் கட்டிப் போடாது. அந்தப் பயம்தான்.

ஐந்தே மாதத்தில், 2010 செப்டம்பர் 9 அன்று, ஆப்பிள் அந்தத் தடையைத் தளர்த்தியது. செயலி வெளியிலிருந்து கோடு இறக்கிக்கொள்ளாதவரை எந்தக் கருவியில் எழுதினாலும் சரி என்றது. வானம் இடிந்து விழவில்லை. அதற்குப் பிறகு யூனிட்டியில் எழுதிய விளையாட்டுகளும், 2015-இல் வந்த ரியாக்ட் நேட்டிவ், 2018-இல் முதல் பதிப்பு கண்ட ஃப்ளட்டர் இவற்றில் எழுதிய செயலிகளும் ஆப் ஸ்டோரை நிறைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்தும் ஆப்பிள் கமிஷன் வாங்குகிறது. தரம் கெட்டுவிடும் என்று சொன்ன வாய், அந்தக் காசை எண்ணும்போது மூடிக்கொண்டது.

இது ஆப்பிள் கண்டுபிடித்த தந்திரமும் அல்ல. தொண்ணூறுகளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவைக் கொண்டு வந்தது. ஒரு முறை எழுது, எங்கும் ஓட்டு என்பது அதன் கொள்கை. எழுதியது எங்கும் ஓடினால் விண்டோஸ் எதற்கு? மைக்ரோசாப்ட் ஜாவாவுக்கு உரிமம் வாங்கி, விண்டோஸில் மட்டும் ஓடும் சரக்கை அதில் கலந்து கொடுத்தது. சன் 1997-இல் வழக்குப் போட்டது. அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கிலும் இது வந்தது. 1999 நவம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் எழுதிய முடிவுகளில் ஜாவாவை முடக்க நடந்த முயற்சி விரிவாக இடம்பெற்றது. தங்கள் கருவியில் எழுதினால் எங்கும் ஓடும் என்று நம்பவைத்து ஜாவா டெவலப்பர்களை ஏமாற்றியது சட்டவிரோதம் என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பே நீதிமன்றம் தோலுரித்துக் காட்டிய வித்தை இது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள்மேல் தொடுத்த வழக்கிலும் சாரம் இதேதான்: எந்தப் போனிலும் ஓடும் சூப்பர் ஆப், கிளவுட் கேமிங் போன்றவற்றை ஆப்பிள் அமுக்கி வைத்தது என்பது அரசின் வாதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மொபைல் பந்தயத்தில் தோற்ற பிறகு அதே மைக்ரோசாப்ட் என்ன செய்தது? 2016-இல் சாமரின் என்ற பொதுக்கருவி நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அதை எல்லோருக்கும் இலவசமாக்கியது. தேய்ந்துபோன பிளாக்பெர்ரி, ஆண்ட்ராய்டு செயலிகளைத் தன் கருவியில் ஓட்ட வழி செய்தது. முன்னால் ஓடுகிறவருக்குப் பொதுக்கருவி ஆபத்தாகத் தெரிகிறது. பின்னால் மூச்சு வாங்கி வருகிறவருக்கு அதுவே அருமையான தொழில்நுட்பமாகிவிடுகிறது. கருவியின் தரம் பற்றிய கருத்து, சந்தையில் யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறுமானால், அது தரம் பற்றிய கருத்தே இல்லை.

பாதுகாப்பு என்ற வாதத்தை நாம் அலட்சியமாக ஒதுக்கவில்லை. கடன் செயலிகளிடம் மாட்டி, போட்டோவை மார்பிங் செய்து அனுப்பி மிரட்டியதில் உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் அந்தச் செயலிகள் பல பிளே ஸ்டோரிலேயே இருந்தன. போனில் உள்ள தொடர்பு எண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போன செயலி எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதா அங்கே பிரச்சினை? செயலி என்ன செய்கிறது, எதைத் திருடுகிறது, யாருக்கு அனுப்புகிறது என்று சோதியுங்கள், கடுமையாகவே சோதியுங்கள். அதற்குத்தானே கமிஷன்?

எழுத்தில் இருந்த தடை போய்விட்டதே, இன்னும் என்ன கண்டனம் என்று கேட்கலாம். வேலியை எடுத்துச் சற்றுத் தள்ளி நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேக் கட்டாயம் ஒரு கம்பி. இன்னொரு கம்பி வெப்கிட். இந்தியாவில் ஐபோனில் இணையத்தைத் திறக்கும் எந்த பிரவுசரும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது ஆப் ஸ்டோர் விதி. குரோம், ஃபயர்பாக்ஸ் என்று பெயர் மாறினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளுடையதுதான். நம் பக்கத்துக் கூடுவாஞ்சேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ, 2023-இல் ‘உலா’ என்று ஒரு பிரவுசர் வெளியிட்டது. கணினியில் அது குரோமியத்தில் ஓடுகிறது. ஐபோனில் ஓட வேண்டுமானால் இந்தியாவில் அதுவும் ஆப்பிளின் சட்டையைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதனால் சாதாரண ஆளுக்கு என்ன நஷ்டம்? இருக்கிறது. செலவே இல்லாத பொதுக்கருவி இணையம்தான். நல்ல இணையதளம் ஒன்றை எழுதினால் அதுவே எல்லாப் போனிலும் செயலியாக நிற்கலாம். கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு குரோமில் இணையதளங்கள் நோட்டிபிகேஷன் அனுப்பும் வசதி 2015-இல் வந்துவிட்டது. ஐபோனில் அது 2023 மார்ச்சில்தான் வந்தது, அதுவும் முகப்புத் திரையில் சேர்த்த தளங்களுக்கு மட்டும். எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும், வேன் வந்துவிட்டது என்று ஐபோன் வைத்திருக்கும் பெற்றோருக்குத் திரையில் ஒரு வரி தகவல் காட்ட வேண்டுமென்றால், நம் மாடி அறைப் பையன்கள் மேக் வாங்கி, 99 டாலர் கட்டி, ஆப் ஸ்டோர் வாசலில் நின்றிருக்க வேண்டும். வேறு எஞ்சின் ஐபோனுக்குள் வர அனுமதி இருந்திருந்தால், இவ்வளவு காலம் இழுத்தடிக்க முடிந்திருக்குமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச்சில் இந்த வெப்கிட் கட்டாயத்தை உடைத்தது. ஆனால் அங்கும் ஆப்பிள் நிபந்தனைமேல் நிபந்தனையாக அடுக்கி, சட்டத்தைக் காகிதத்தில் நிறுத்தப் பார்க்கிறது. ஜப்பானில் இதே நோக்கத்துக்கான ஸ்மார்ட்போன் சட்டம் 2025 டிசம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தது. ஐபோன்களைப் பெருமளவில் பூட்டி ஏற்றுமதி செய்யும் இந்தியாவில்?

இந்தியப் போட்டி ஆணையம் 2021-இன் கடைசி நாளில் ஆப்பிள்மேல் விசாரணைக்கு உத்தரவிட்டது. புலனாய்வு அறிக்கை ஆப்பிளுக்கு எதிராக வந்தது. ரகசிய விவரம் வெளியே போய்விட்டது என்று ஆப்பிள் முறையிட, 2024 ஆகஸ்டில் அறிக்கையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025-இல், உலக வருவாயை வைத்து அபராதம் கணக்கிடும் விதியையே எதிர்த்து ஆப்பிள் தில்லி உயர்நீதிமன்றம் போனது. தன் பங்கு இந்தியாவில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது ஆணையத்தின் முன் அது வைத்த வாதம். ஐபோனுக்குள்ளே ஆப் ஸ்டோரின் பங்கு எவ்வளவு என்று ஆணையம் திருப்பிக் கேட்க வேண்டும்.

கூகுள் கதையும் இதேபோல்தான். பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக ஆணையம் 2022 அக்டோபரில் போட்ட அபராதம் 936.44 கோடி ரூபாய். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. விவகாரம் உச்சநீதிமன்றத்தில் நிற்கிறது. இத்தனை ஆண்டு வழக்கு நடத்த அந்த நிறுவனங்களால் முடியும். மாடி அறையில் இரண்டு லேப்டாப் வைத்திருக்கிறவர்களால் முடியாது. நடந்து முடிந்த பிறகு தண்டிக்காமல், முன்கூட்டியே விதி போட்டுத் தடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. மேலும் ஆய்வு வேண்டும் என்று மத்திய அரசு அதை ஓரம் கட்டி வைத்தது. இந்த மெத்தனத்தையும் கண்டிக்கிறோம். ஆப்பிளைக் கண்டிப்பதைவிட ஒரு பங்கு கூடுதலாகவே கண்டிக்கிறோம். லாபம் பார்ப்பது கம்பெனியின் வேலை, தடுப்பது அரசின் வேலை.

ஆப்பிள் நிறுவனம் உடனே செய்யக்கூடிய திருத்தங்கள் இருக்கின்றன. ஐபோன் செயலியை விண்டோஸிலும் லினக்ஸிலும் பில்டு செய்து கையொப்பமிட வழி திறக்க வேண்டும். அது தயாராகும்வரை 24 மணி நேர வாடகை நிபந்தனையை நீக்க வேண்டும். அதற்கு ஒரு வரியை அழித்தால் போதும். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கொடுத்த பிரவுசர் எஞ்சின் உரிமையை இந்தியாவுக்கும், குறுக்கு நிபந்தனை இல்லாமல், கொடுக்க வேண்டும். லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் ஆண்டுச் சந்தாவில் விலக்கு கொடுக்க ஆப்பிளுக்கு முடிகிறது. கல்லூரி முடித்துத் தொழில் தொடங்கும் மாணவருக்கும் சில ஆண்டுகள் அதைக் கொடுக்கலாம். கூகுள், ஃப்ளட்டரை இலவசமாகக் கொடுத்துவிட்டோம் என்று நல்ல பிள்ளை வேஷம் போட வேண்டாம். ஒரு செயலியைக் கடையிலிருந்து நீக்கும் முன் நோட்டீஸ், காரணம், நடுநிலையான ஒருவரிடம் முறையிடும் வாய்ப்பு ஆகியவற்றை விதியாக எழுதி வெளியிட வேண்டும்.

தமிழக அரசுக்கும் ஒரு வார்த்தை. ஆலைக்கு நிலமும் சலுகையும் பேசும் மேசையில் இதையும் வையுங்கள். நம் பிள்ளைகள் ஐபோனைப் பூட்டுவதோடு நிற்க வேண்டியவர்கள் அல்ல. நம் அரசு கொடுத்த மடிக்கணினியில் ஐபோன் செயலி எழுத முடிய வேண்டும் என்று கேட்க இந்த மாநிலத்துக்கு முழுத் தகுதி உண்டு. இதுவரை கேட்கவில்லை என்பதே நம் குறை. டிஜிட்டல் போட்டி மசோதாவை வரும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே தாக்கல் செய்யும்படி தமிழக உறுப்பினர்கள் குரல் எழுப்ப வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் தொகுதிகளின் உறுப்பினர்கள் அதில் முதலில் நிற்க வேண்டும். உங்கள் வாக்காளர்கள் பூட்டிய போன் அது.